தலை பாரமா இருக்கு மிஸ்!

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மேல்நிலை வகுப்புகளுக்குப் பிற்பகலில் போகிறவர்கள் தவறாமல் கேட்கிற ஒரு வாசகம் உண்டு. “தலை பாரமா இருக்கு மிஸ்.” தேர்வு நெருங்க நெருங்க இது காலையிலேயே வந்துவிடும். அதற்கு நம்மிடம் வழக்கமான பதில்கள் சில இருக்கின்றன. “கொஞ்ச நேரம் சாய்ஞ்சு படு.” “நேத்து ராத்திரி எத்தனை மணி வரைக்கும் செல்போன் பார்த்தே?” சில இடங்களில் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரை வெளியே வரும். படிக்காமல் தப்பிக்கச் சொல்லும் சாக்கு என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு.

பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கும், நம்மிடையே புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் அடிக்கடி வருகிற இந்தத் தலைவலியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நான் அறிவியல் ஆசிரியை, மருத்துவர் அல்ல. மாற்றுத்திறன் மாணவர்களுக்காக நம் வட்டார வள மையத்துக்கு வருகிற இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அதன் பிறகு படித்ததையும் சொல்கிறேன்.

இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி என்றால், மாவுக்கட்டு பிரித்த பிறகு கையை மடக்கி நீட்டச் சொல்வது, பக்கவாதம் வந்தவரை நடக்க வைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். தலைவலிக்கும் அதில் வேலை இருக்கிறது என்பது எனக்கே புதிய செய்தியாக இருந்தது.

முதலில் பிள்ளைகள் பயன்படுத்தும் சொற்களைக் கவனிப்போம். மருத்துவருக்கு உதவக்கூடிய பாதிச் செய்தி அந்தச் சொற்களிலேயே இருக்கிறது. “பாரமா இருக்கு”, “துணியை வச்சு இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கு”, “பிடரி இழுக்குது” என்று சொன்னால் அது ஒரு வகை. “ஒரு பக்கம் விண் விண்ணுன்னு தெறிக்குது, வெளிச்சம் பட்டா தாங்கல, குமட்டுது” என்றால் அது வேறு வகை. இரண்டாவது, ஒற்றைத் தலைவலி என்று நாம் சொல்லும் மைக்ரேனாக இருக்கலாம். முதலாவதைத்தான் மருத்துவர்கள் டென்ஷன் வகைத் தலைவலி என்கிறார்கள். உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் தலைவலி இதுதான்.

இதன் அடையாளங்கள் தெளிவானவை. பெரும்பாலும் தலையின் இரு பக்கமும் வலிக்கும். அழுத்துவது போல, இறுக்குவது போல இருக்குமே தவிர நாடி துடிப்பது போலத் தெறிக்காது. மிதமான வலிதான், ஆளை முடக்கிப் போடாது. நடந்தாலும் படி ஏறினாலும் கூடாது. வாந்தி இருக்காது. அரை மணி நேரத்தில் போய்விடலாம். சிலருக்கு ஏழு நாள் வரையும் நீடிக்கலாம். ஆளை முடக்காத வலி என்பதால்தான் அந்தப் பிள்ளை சொல்வதை யாரும் நம்புவதில்லை. மாடிப்படி ஏறி வருகிறாள், தோழியோடு சிரிக்கிறாள், பிறகு தலைவலி என்கிறாள். நடிக்கிறாள் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் இந்த வலியின் இயல்பே அதுதான்.

டென்ஷன் என்ற பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் டென்ஷன் என்றால் கோபம், பதற்றம். அதனால் “டென்ஷன் ஆகாதே, சரியாப் போயிடும்” என்று அறிவுரை சொல்லி முடித்துவிடுகிறோம். மன அழுத்தத்துக்கு இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கழுத்து, தோள், தாடை, நெற்றிப்பொட்டு ஆகிய இடங்களின் தசைகளுக்கும் பங்கு உண்டு. தசை இறுகுவதால் மட்டுமே வலி வருகிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது முழு உண்மை அல்ல என்று தெரிந்த பிறகு, 1988இல் வெளியான பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டில் ‘டென்ஷன் தலைவலி’ என்பதை ‘டென்ஷன் வகைத் தலைவலி’ என்று மாற்றினார்கள். ஒரு சொல்தான் கூடியிருக்கிறது. காரணம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்லாத அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தத் தலைவலி உள்ளவர்களைப் பரிசோதித்தால் அடிக்கடி தென்படுவது, இந்தத் தசைகளைத் தொட்டால் வலிப்பதுதான். வலி அடிக்கடி வரவர, வலியை உணரும் நரம்புப் பாதைகளும் கூர்மையாகிவிடுகின்றன. முன்பு பொருட்படுத்தாத சிறு அழுத்தம்கூடப் பிறகு வலியாகத் தெரிகிறது.

இப்போது எல்லோரும் வலது கையை இடது தோளின் மேல், கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் நடுவில் வையுங்கள். கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் அந்தச் சதையைப் பிடித்து மெல்ல அழுத்துங்கள். சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த இடம் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். அடுத்து, பின்தலையில் மண்டை எலும்பு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் விரலை வையுங்கள். அங்கே சிறிய தசைகள் இருக்கின்றன. தலையைத் தூக்கிப் பிடிப்பதும் நுட்பமாகத் திருப்புவதும் அவற்றின் வேலை. கடைசியாகப் பல்லைக் கடியுங்கள். காதுக்கு முன்னாலும் நெற்றிப்பொட்டிலும் தசை புடைக்கிறதா? கணக்குப் போடும்போது தன்னை அறியாமல் பல்லைக் கடிக்கும் பிள்ளைகள் வகுப்புக்கு நான்கு பேராவது இருப்பார்கள். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இதை மட்டும் சொல்லிக்கொடுத்தாலே சிலருக்கு மாலை வலி குறைகிறது.

தசையில் ஓரிடத்தில் முடிச்சுப் போல இறுகி, அங்கே அழுத்தினால் வேறோர் இடத்தில் வலி தெரிவதைப் பற்றி ஜேனட் டிராவல், டேவிட் சைமன்ஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் விரிவாக எழுதினார்கள். அவர்களுடைய நூலின் முதல் தொகுதி 1983இல் வந்தது. டிராவல் அம்மையார் அதிபர் கென்னடியின் மருத்துவராகவும் இருந்தவர். தோள்சதையில் உள்ள முடிச்சை அழுத்தினால் கழுத்தோரமாக ஏறி நெற்றிப்பொட்டில் வலிக்கும் என்று அவர்கள் வரைந்து காட்டிய படம் இன்றும் பல இயன்முறை மருத்துவ அறைகளின் சுவரில் தொங்குகிறது. தலையில் வலிக்கிறது என்று வருபவரின் தோளை ஏன் அழுத்திப் பார்க்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

சரி, அவர்கள் என்னதான் செய்கிறார்கள்? முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான். எப்போது வருகிறது, எங்கே தொடங்குகிறது, எப்படி உட்கார்ந்து படிக்கிறாய், எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறாய்? பிறகு கழுத்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். பின்தலைத் தசைகளைக் கையால் தாங்கிப் பிடித்து மெல்ல இளக்குகிறார்கள். முடிச்சுகளை அழுத்தி விடுகிறார்கள். வெந்நீர் ஒத்தடம், மின் தூண்டல் போன்றவையும் உண்டு. இதில் சுகம் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் அது சில நாள் சுகம். இவையெல்லாம் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் மாதிரி. சோறு உடற்பயிற்சிதான் என்று எங்கள் இயன்முறை மருத்துவர் சொல்வார். பத்து நாள் கரண்ட் வைத்தால் போதும் என்று நினைத்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் அவருக்குப் பெரிய பாடு.

அந்தப் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஆமாம்’ பயிற்சி. மல்லாந்து படுத்து, யாரோ கேட்டதற்கு ‘ஆமாம்’ என்று லேசாகத் தலையசைப்பது போல, தாடையைக் கழுத்தை நோக்கிச் சிறிதளவு இறக்க வேண்டும். தலை தரையை விட்டு எழும்பக் கூடாது. பத்து நொடி அப்படியே வைத்துப் பிறகு தளர்த்த வேண்டும். இப்படிப் பத்து முறை. கழுத்தின் முன்பக்கம் இரண்டு கயிறுகள் போலத் தசை புடைத்தால் அதிகமாக அழுத்துகிறோம் என்று பொருள். விரலை அங்கே வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு போல இருக்கும். ஆனால் கழுத்தெலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கும் தசைகளை வலுப்படுத்துவதற்கான பயிற்சி இது. இந்தத் தசைகளுக்கான பயிற்சியை வழக்கமான இயன்முறை சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது; 2006இல் வெளிவந்தது. பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் தலைவலி வருவது குறைவாகவே இருந்தது.

டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி உள்ள அலுவலக ஊழியர்களை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. இழுத்தால் நீளும் ரப்பர் பட்டையைக் கையில் பிடித்துத் தோள்களுக்குப் பயிற்சி. ஒரு குழு தினமும் 12 நிமிடம் செய்தது; இன்னொன்று 2 நிமிடம் மட்டும். வாரத்துக்கு ஐந்து நாள், பத்து வாரம். இரு குழுவினருக்குமே தலைவலி வரும் நாட்கள் குறைந்தன. வந்த வலியின் கடுமை பெரிதாக மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 2 நிமிடம்தான். பாடவேளை மாறும் இடைவெளியே அதற்குப் போதும்.

குனிந்து செல்போன் பார்ப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். நிமிர்ந்திருக்கும்போது நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்பின் மேல் விழும் சுமை 27 கிலோ வரை போகும் என்று கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற நியூயார்க் அறுவை மருத்துவர் 2014இல் கணக்கிட்டார். அந்தப் படம் உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். அது கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு. மனிதக் கழுத்தில் அளந்து பார்த்தது அல்ல. குனிவதுதான் தலைவலிக்குக் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எப்படி உட்கார்ந்தாலும் நெடுநேரம் அசையாமல் இருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பது நமக்கே தெரிந்த சங்கதி. செல்போனைக் குற்றம் சொல்லும் நாமே, சாய்மானம் இல்லாத பெஞ்சில், மடியில் நோட்டை வைத்து, காலை ஒன்பதிலிருந்து மாலைச் சிறப்பு வகுப்பு முடியும் வரை அவர்களைக் குனிந்து எழுத வைக்கிறோம். அந்தக் காலக் கணக்குப்பிள்ளைகள் சாய்வான மேசைப்பெட்டி வைத்து எழுதியது சும்மா இல்லை. புத்தகப் பையை மேசை மேல் வைத்து அதில் புத்தகத்தைச் சாய்த்துப் படிக்கச் சொன்னால் கழுத்து கொஞ்சம் நிமிரும். காசும் செலவில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கே பேச ஒத்துக்கொண்டதற்கு முக்கியக் காரணமே இதுதான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நன்றாகப் படிப்பவள். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு அடிக்கடி தலைவலி என்றாள். தலைவலி வரும் நாட்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவரச் சொன்னோம்: தேதி, நேரம், எத்தனை மணிக்குத் தூங்கினாள், காலையில் சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா. ஒரு மாதம் முடிந்து எண்ணிப் பார்த்தால் மாத்திரை போட்ட நாட்கள் பதினெட்டு. வீட்டுப் பக்கத்துப் பெட்டிக்கடையில் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் கொடுத்து வாங்கியவை. அவள் அம்மாவுக்கும் தெரியாது.

சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையாலேயே தலைவலி வரத் தொடங்கிவிடும். பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே போதும். வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வலி என்று அது சுற்றிக்கொண்டே இருக்கும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வலி மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நம் மேசை இழுப்பறையில் மாத்திரை இருக்கவே வேண்டாம். அந்த மாணவியை அவள் அம்மா அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மாத்திரையைக் குறைக்கும் வழியை மருத்துவர் சொன்னார். இயன்முறை மருத்துவப் பிரிவுக்கும் அனுப்பினார். முதல் இரண்டு வாரம் வலி முன்பைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. அப்படி இருக்கலாம் என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். அரையாண்டுத் தேர்வு மாதத்தில் அவள் குறித்த தலைவலி நாட்கள் ஏழு. தலைவலி முற்றிலும் போய்விடவில்லை. ஏழு நாளோடு அவளால் படிக்க முடிந்தது.

தலைவலி எல்லாமே கழுத்திலிருந்து வருவதும் இல்லை. கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு முதலில் கண் பரிசோதனை. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. முதல் பேருந்தைப் பிடிக்கச் சாப்பிடாமல் ஓடிவரும் பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பதினொரு மணிக்கு வருவது பசித் தலைவலி. இன்னொன்று, இரட்டைச் சடையை இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டி வர வேண்டும் என்று நாமேதான் சொல்கிறோம். முடியை இழுத்துக் கட்டுவதால் வரும் தலைவலிக்கு மருத்துவ வகைப்பாட்டில் தனி இடமே இருக்கிறது. சடையைத் தளர்த்தினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். சீருடை ஒழுங்கைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைவில் வைக்கலாம்.

பையன்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி எடுக்கும் வழக்கத்தை விடச் சொல்லுங்கள். அந்த வேகத்தில் கழுத்து வழியே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான். ஆனால் ஒரு சொடுக்குச் சத்தத்துக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

சில அறிகுறிகளைக் கண்டால் பயிற்சி, ஒத்தடம் என்று நேரம் கடத்தக் கூடாது. இடி விழுந்தாற்போலத் திடீரென்று உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்துப்போவது, தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி, காலையில் எழுந்ததும் வாந்தியோடு வரும் வலி, பார்வை இரட்டையாகத் தெரிவது, வாய் குளறுவது, கை கால் மரத்துப்போவது, வலிப்பு, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி. இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். நிலைமை மோசமாகத் தெரிந்தால் 108. பெற்றோர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டியை அழைத்துவிட்டுப் பெற்றோருக்குப் போன் செய்யுங்கள்.

இயன்முறை மருத்துவரை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தனிப் பிரிவு உண்டு. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். வட்டார வள மையத்துக்கு வருபவர் சிறப்புக் குழந்தைகளுக்காக வருகிறார். அவர்களுடைய நேரத்தை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு நாள் பள்ளிக்கு வந்து மேல்நிலை மாணவர்களுக்கு அரை மணி நேரம் பயிற்சி காட்டித் தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். எங்கள் பள்ளிக்கு வந்தார்.

பேசியது போதும், கடைசி இரண்டு நிமிடம் செய்து பார்ப்போம். கழுத்தில் அடிபட்டவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் உட்கார்ந்து பார்த்தால் போதும். மற்றவர்கள் எழுந்து நில்லுங்கள். இரண்டு தோளையும் காது வரை தூக்குங்கள், ஐந்து நொடி இறுக்கமாக வையுங்கள், மூச்சை விட்டபடியே தொப்பென்று விடுங்கள். இறுக்கித் தளர்த்தும் இந்த முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929இலேயே ஒரு நூலாக எழுதியிருக்கிறார். இன்னும் இரண்டு முறை. இப்போது தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றையொன்று தொட வைப்பது போல நெருக்குங்கள், ஐந்து நொடி, விடுங்கள். தாடையை மேலே தூக்காமல், யாரோ முகத்துக்கு நேராக விரல் நீட்டினால் பின்வாங்குவது போல, தலையை நேர்பின்னால் இழுங்கள். இரட்டை நாடி விழும், வெட்கப்பட வேண்டாம், எல்லோருக்கும் விழும். ஐந்து நொடி; விடுங்கள். கடைசியாக வலது காதை வலது தோள்பக்கம் மெல்லச் சாயுங்கள். கையால் இழுக்க வேண்டாம், தலையின் எடையே போதும். இருபது நொடி. இனி இடது பக்கம். பின்வரிசையில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறார்கள். பல்லைத் தளர்த்துங்கள் சார்.

அவ்வளவுதான். நாளை ஆறாவது பாடவேளையில் உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள்.